லாங்யெர்பியெனில் மூன்று இரவு: ஒரு பயணத் தொகுப்பின் மதிப்புரை

சிங்கப்பூரின் தேக்காவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம், மார்ச் பள்ளி விடுமுறையில் நார்வேக்கு எட்டு நாள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறது. ஆஸ்லோவில் மூன்று இரவு; பிறகு அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் வடக்கே பறந்து, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊரான லாங்யெர்பியெனில் மூன்று இரவு. கட்டணம் ஒருவருக்கு 8,900 வெள்ளி. மனைவி, பதினான்கு வயது மகன், எழுபத்தொரு வயது அம்மா ஆகியோருடன் இவ்வாண்டு போய் வந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்வதற்குக் குறைகள் இருக்கின்றன. தவிர, ஏறக்குறைய இதே வாசகங்களோடு இதே பயணத்தை விற்போர் வேறு சிலரும் உண்டு.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் பதினெட்டுப் பேரில் நால்வர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள். 1920இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதே எனினும், அங்கு நுழைய எவருக்கும் விசா தேவையில்லை. ஆனால் அது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வட்டாரமாகிய ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆஸ்லோவிலிருந்து அங்கே புறப்படும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு; திரும்பி வர இரண்டாம் முறை நுழையும் அனுமதி வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போகிறவர் தீவிலேயே மாட்டிக்கொள்வார். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இதை இரண்டு மாதங்களுக்கு முன்பே கவனித்து நால்வரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். தொகுப்பின் விலையில் ஒரு பகுதி அந்த ஊழியரின் கவனத்துக்கே தகும்.

இனிக் குறைக்கு வருகிறேன். விளம்பரத் தாளின் முதல் வரி ‘வடதுருவ ஒளி உறுதி’ என்பது. துருவ ஒளி, பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி வானில் ஒரு வளையமாகத் தோன்றுவது. இரவு வேளையில் அந்த வளையம் பெரும்பாலும் டிரோம்சோ போன்ற வட நார்வே ஊர்களின் தலைக்கு மேலே நிற்கும். லாங்யெர்பியென் 78 டிகிரி வடக்கில், வளையத்துக்கு உள்ளே, அதாவது துருவத்தின் பக்கமாக இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை நண்பகலிலும் இருட்டாக இருக்கும் காலத்தில் பகல் நேரத்திலும் துருவ ஒளியைப் பார்க்கலாம் என்பது இந்த ஊருக்கே உரிய சிறப்பு. மார்ச் நடுவிலோ பகல் வெளிச்சமாகிவிடுகிறது, நள்ளிரவும் முழு இருட்டாவதில்லை. இரண்டு இரவுகள் எங்களை வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் மொத்தம் நான்கு மணி நேரம் நிற்க வைத்தார்கள். தெற்கு அடிவானத்தில், யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனதுபோல ஒரு வெளிறிய பச்சைக் கோடு ஒருமுறை தெரிந்தது, அவ்வளவுதான். துருவ ஒளிக்காகவே பணம் சேர்ப்பவர்கள் டிரோம்சோவுக்குப் போவது நல்லது.

பிறகு ஏன் இந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்கிறேன் என்றால், அந்த ஊருக்காகத்தான். ஏறத்தாழ 2,500 பேர் வாழும் லாங்யெர்பியென், அட்வென்ட் ஃபியோர்டின் கரையில் தொடங்கி ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் உள்ளே ஏறிப் போகிறது. பனியாறுகள் குடைந்த ஆழமான பள்ளத்துக்குள் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. குடைந்த பனியாறுகளின் மிச்சம் இன்னும் பள்ளத்தாக்கின் மேல் முனையில் கிடக்கிறது. இருபுறமும் உச்சி தட்டையான மலைகள், மேசைகளை வரிசையாகப் போட்டதுபோல. மரம் ஒன்றுகூடக் கிடையாது. அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்திருப்பதால் வீடுகள் தூண்களின் மேல் நிற்கின்றன. வெந்நீர்க் குழாய்களையும் புதைக்க முடியாமல் தரைக்கு மேலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்குச் சாலை இல்லை. ஊரின் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் துப்பாக்கியுடன் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். அதே துப்பாக்கியைப் பேரங்காடிக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் அறிவிப்பு இருக்கிறது.

விடுதியின் வாசலில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் இருபுறமும் மர அடுக்குகள், அவற்றில் அறுபது எழுபது கனத்த காலணிகள், கீழே உருகிய பனி தேங்கிய ரப்பர் விரிப்பு. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுரங்கத் தொழிலாளர்கள் நிலக்கரித் தூளை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கத் தொடங்கிய வழக்கம், சுரங்கங்கள் போன பிறகும் நிற்கிறது. அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். எங்கள் குழுத் தலைவர் கூச்சத்தோடு இதை விளக்கத் தொடங்குவதற்குள் அம்மா பாதி கழற்றிவிட்டார். “செருப்பக் கழட்டச் சொல்ற ஊரு நல்ல ஊருதான்” என்றார். ஆனால் நிறுவனம் அனுப்பிய பொருள் பட்டியலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரவேற்பறையில் பதினெட்டுப் பேரும் காலுறையோடு நின்றபோது, ஓட்டை இல்லாத காலுறை போட்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் எண்ணவில்லை. என்னுடையதில் கட்டை விரல் வெளியே தெரிந்தது.

சூரியனைப் பற்றியும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன், பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேலே வந்துவிடுகிறது. ஆனால் தெற்கே மலைகள் மறைப்பதால் மார்ச் 8ஆம் தேதிதான் அதன் கதிர் ஊருக்குள் விழுகிறது. பழைய மருத்துவமனை இடிந்து, எஞ்சி நிற்கும் அதன் படிக்கட்டில் ஊரே அன்று கூடிச் சூரியனை வரவேற்கிறது. எங்கள் பள்ளி விடுமுறை அதற்குப் பின்னர்தான் தொடங்குவதால் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. இதற்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் என்ற வேகத்தில் பகல் நீண்டுகொண்டிருந்ததை மகன் தன் கைக்கடிகாரத்தை வைத்தே கண்டுபிடித்தான். ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி எது என்று எனக்குத் தெரியவில்லை. பயண நிரலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நிரலில் மிகச் சிறப்பாக அமைந்தது மூன்றாம் எண் சுரங்கம். ஜான் மன்ரோ லாங்யெர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் 1906இல் நிலக்கரி வெட்டத் தொடங்கியதிலிருந்துதான் இந்த ஊரே பிறந்தது. ‘பியென்’ என்றால் நார்வீஜிய மொழியில் ‘நகரம்’. மூன்றாம் எண் சுரங்கத்தின் கரிப் படுகை ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாததால், ஆட்கள் படுத்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் எங்களையும் ஊர்ந்து பார்க்கச் சொன்னார்கள். மகன் போனான், நான் தலையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பினேன். நார்வே இங்கே இயக்கிவந்த கடைசிச் சுரங்கமும் 2025இல் மூடப்பட்டது. கரி இறக்கிய கம்பிவடத்தின் மரத் தாங்கிகள் மலைச்சரிவில் இன்னும் நிற்கின்றன. 1946க்கு முந்திய எதுவும், அது துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

உலகின் பயிர் விதைகளைக் காத்து வைக்க 2008இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்தின் வாசலில் பத்து நிமிடம் நின்றோம். உள்ளே யாரையும் விடுவதில்லை. ஹைதராபாத் அருகே இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையம் அனுப்பிய சோளமும் கம்பும் துவரையும் அந்த மலைக்குள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கின்றன என்று நான்தான் அம்மாவிடம் சொன்னேன். குழுத் தலைவர் படம் எடுக்க நேரம் கொடுத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு சுமார். ‘தினமும் இந்திய உணவு’ என்பது, வெந்நீர் ஊற்றிக் கலக்கும் பொட்டலப் பொங்கலும் சாம்பாரும் என்று பொருள்படும். 1975இல் விமான நிலையம் வரும்வரை குளிர்காலம் முழுவதும் கப்பல்கூட எட்டாத ஊரில் வெண்டைக்காய் எதிர்பார்ப்பது தவறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே தாய்லாந்து மக்கள் கணிசமாகக் குடியிருக்கிறார்கள். பேரங்காடியில் மல்லிகை அரிசியும் தேங்காய்ப் பாலும் கண்டதும், மனைவி விடுதிச் சமையலறையில் அனுமதி கேட்டு ஒரு குழம்பு வைத்தார். அந்த ஒரு வேளையை நிறுவனத்தால் மூன்று வேளையாக்க முடியாதா என்ன?

கடைசி நாள் மாலை, ஊரின் முக்கியத் தெருவில் நடந்தபோது அம்மா கேட்டார்: “வயசானவங்க யாரையுமே காணோமே?” குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் பெற்றோர்கள் நிறையத் தெரிந்தார்கள், நரைத்த தலை மிக அரிது. இங்கே முதியோர் பராமரிப்பு கிடையாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் பெருநிலப் பகுதிக்குத் திரும்பிவிட வேண்டும். பிரசவ நாள் நெருங்கும் பெண்களும் முன்கூட்டியே அங்கே போய்விடுகிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் காலையில் ஒன்றுகூடும் தோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் கணக்கு இது: ஆஸ்லோவில் ஓர் இரவைக் குறைத்து, துருவ ஒளி தேடும் இரண்டு இரவு உலாக்களையும் நீக்கி, லாங்யெர்பியெனில் நான்கு இரவு வைத்தால் இது நல்ல பயணம். இப்போது இருக்கும் வடிவில் பத்துக்கு ஆறு கொடுப்பேன். திரும்பி வந்ததும் கருத்துப் படிவத்தில் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டுக்கான விளம்பரத் தாள் போன வாரம் அஞ்சலில் வந்தது. ‘வடதுருவ ஒளி உறுதி’ அப்படியே இருக்கிறது. பொருள் பட்டியலின் கடைசியில் ‘கிழியாத காலுறை, மூன்று இணை’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது.