கார் ஷெட் போடறவங்க மொதல்ல வாட்டம் எவ்ளோன்னு கேளுங்க, நாங்க பட்டது போதும்

வீட்டு சுவத்த ஒட்டி கார் நிறுத்த ஷீட் ஷெட் போடப் போறீங்கன்னா கலரு, டிசைனு, எந்த கம்பெனி ஷீட்டு எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல வாட்டம், அதாவது தண்ணி வழிஞ்சு ஓட வைக்கற சரிவு, எத்தன இன்ச்சுன்னு கேளுங்க. எங்க வீடு திண்டிவனம் பக்கம். ஷெட் போட்டுக் குடுத்த ஃபேப்ரிகேட்டர் பேரு இங்க வேணாம், அவர் பண்ணின வேலைய மட்டும் சொல்றேன், ஏன்னா இதே மாதிரி சரிவு பத்தாம படுத்துப்போன ஷெட்டு எங்க ஏரியாவுல இன்னும் நிறைய நிக்குது.

எங்களது சுவத்துல இருந்து வெளிய 18 அடி, அகலம் 14 அடி. டேப்ப புடிச்சு அளந்துட்டு "சன்ஷேடுக்கு அடியில சொருகிடலாம் சார், சுவத்த உடைக்க வேணாம், பாக்கவும் நீட்டா இருக்கும்"னாரு. சுவர் பக்கம் எட்டரை அடி உயரம், வெளி போஸ்ட்டு எட்டு அடி. அப்பா அப்பவே கேட்டாரு, "வாட்டம் பத்துமா தம்பி, அரையடிதான வருது?" அதுக்கு அவரு "மொட்டமாடிக்கே பத்தடிக்கு ஒரு இன்ச்சு, ஒன்றரை இன்ச்சுதான் சார் குடுக்கறோம், இது அதுக்கு மேல தாராளம், தண்ணி நிக்கவே நிக்காது"ன்னு அடிச்சுப் பேசிட்டாரு. கேக்கறதுக்கு ஞாயமாத்தான் இருந்துச்சு. ஆனா மொட்டமாடில ஜாயின்ட்டு கெடயாது, ஓட்ட கெடயாது, மேல தட்டோடு வேற ஒட்டியிருக்கும். ஷீட்டுல ஒவ்வொரு மூணு அடிக்கும் ஒரு பக்க ஜாயின்ட்டு, அது போக ஸ்க்ரூ ஸ்க்ரூவா ஓட்ட. தண்ணி மெதுவா நகந்தா அந்த ஜாயின்ட்டுக்குள்ள ஊறி ஏறிடும், அதனாலதான் இந்த மாதிரி மேடு பள்ளம் வச்ச கலர் ஷீட்டுக்கு கொறஞ்சது 5 டிகிரி சரிவு வேணும்னு சொல்றது. 5 டிகிரின்னா கிட்டத்தட்ட அடிக்கு ஒரு இன்ச்சு. 18 அடிக்கு 18 இன்ச்சு வரணும், அவர் வச்சது 6 இன்ச்சு. சிமெண்ட் ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் இத விட ரொம்ப அதிகமா வேணும், அது தனி கத.

சரி ஏன் இப்படி வச்சாருன்னு பின்னாடிதான் வெளங்குச்சு. பைப்பு 20 அடி நீளமா வரும், சரிபாதியா வெட்டினா பத்தடி போஸ்ட்டு ரெண்டு, ரெண்டடி மண்ணுக்குள்ள காங்கிரீட்டுல போச்சுன்னா மேல எட்டு அடி, ஒரு துண்டு பைப்பு வேஸ்ட் ஆவாது. அந்தப் பக்கம் எட்டு அடின்னு முடிவாயிடுச்சா, இந்தப் பக்கம் ஒன்பதரை அடிக்கு ஏத்தணும்னா சன்ஷேடுக்கு மேல போவணும், சுவத்துல காடி வெட்டி ஃபிளாஷிங் தகடு (சுவத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல தண்ணி எறங்காம மூடற தகடு) சொருகி பூசணும், கொத்தனார் கூலி வேற. சன்ஷேடுக்கு அடியில சொருகிட்டா இது அத்தனையும் மிச்சம். ஆக நம்ம வீட்டுக்கு எது சரின்னு பாத்து வச்ச உயரம் இல்ல, அவருக்கு எது மிச்சம்னு பாத்து வச்ச உயரம்.

சாதா மழைக்கு அங்கங்க ஒரு சொட்டு விழுந்துச்சு, அவ்ளோதான். அப்புறம் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்து அப்படியே நகராம நின்னுச்சே, புதுச்சேரில மட்டும் ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர். அந்த கணக்குக்கு எங்க ஷெட்டு மேல மட்டும் பத்தாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி, ஒரு டேங்கர் லாரி தண்ணிய கூரை மேல ஊத்தின மாதிரி. வீடு கிழக்கு பாத்தது, காத்து நேரா மூஞ்சில அடிக்குது, தண்ணி கீழ இறங்கறதுக்கு பதிலா ஷீட்டு மேல அலையா பின்னாடி சுவத்துப் பக்கம் வருது, அங்க ஃபிளாஷிங் இல்ல, சுவத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விரல் நுழையற சந்து. விடிஞ்சு பாத்தா உள் ரூம்ல ஜன்னலுக்கு கீழ வரைக்கும் ஓதம், பெயிண்ட்டு கொப்புளமா எழும்பி நிக்குது, அமுக்கினா உள்ள இருந்து தண்ணி வருது. ஸ்விட்ச் போர்டு அதே சுவத்துலதான், மெயின ஆஃப் பண்ணிட்டுதான் கிட்டவே போனோம்.

போன் பண்ணினா வந்தாரு, இல்லன்னு சொல்லல. சிலிக்கான் துப்பாக்கியோட வந்து எல்லா ஸ்க்ரூ தலையிலயும் ஒரு உருண்ட வச்சுட்டுப் போனாரு. அடுத்த மழைக்கு வேற எடத்துல ஒழுவுச்சு. மறுபடி வந்து தார் டேப்பு ஒட்டினாரு. வெயில்ல அது சுருண்டு வந்துடுச்சு. அதுக்கப்புறம் "மழ விடட்டும் சார்", வெயில் வந்ததும் "லேபர் ஊருக்குப் போயிருக்கான் சார்".

அப்புறம் தெரிஞ்ச கொத்தனார் அண்ணன் ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டினோம். அவரு மட்டம் பாக்கற ரசமட்டத்த ஷீட்டு மேல வச்சாரு, ஷீட்டோட நடுப்பகுதில குமிழி அசையவே இல்ல, சரிவே இல்ல. நடுவுல எப்படி மட்டமாச்சுன்னு பாத்தா அங்க ஷீட்டு ரெண்டு துண்டா ஜாயின்ட் போட்டிருக்கு! 18 அடி ஒரே ஷீட்டா வாங்கலாம், கடையில சொன்ன நீளத்துக்கு வெட்டியே குடுப்பாங்க, இவரு வேற சைட்டுல மிஞ்சினத ரெண்டா வச்சு ஒண்ணு மேல ஒண்ணு அரையடி ஏறற மாதிரி ஸ்க்ரூ அடிச்சிருக்காரு, அந்த எடம் தொங்கி குளமா நிக்குது. ஓரத்துல கொஞ்சம் வெட்டி ஷீட்டு கடையில குடுத்து அளந்தா 0.35 எம்எம். பில்லுல 0.5ன்னு போட்டிருக்காரு. (நல்ல கம்பெனி ஷீட்டுன்னா பெரும்பாலும் அடிப்பக்கம் பேரும் தடிமனும் அச்சடிச்சிருக்கும், எங்களதுல ஒண்ணுமே இல்ல.)

அதனால கொட்டேஷன்லயே சுவர் பக்கம் எத்தன அடி, வெளிப்பக்கம் எத்தன அடின்னு ரெண்டு உயரத்தையும் எழுதி வாங்குங்க, "நல்ல வாட்டம்"ங்கற வார்த்தைய நம்பாதீங்க. நீளத்துல ஜாயின்ட் கூடாது, ஷீட் தடிமன், சுவர் ஃபிளாஷிங் யாரு செலவு, இதையும் சேத்து. மாடி ஜன்னல் தாழ்வா இருந்தா அதுக்கு அரையடி கீழ ஷீட்டு முடியற மாதிரி பாத்துட்டு அங்க இருந்து கீழ்நோக்கி அளந்துட்டு வாங்க, வாட்டம் பத்தலன்னா போஸ்ட்ட கொறைங்க, ஏழு அடி இருந்தாலே சாதாரண காருக்கு தாராளம். தண்ணி பக்கத்து மனைல விழற மாதிரி மட்டும் வைக்காதீங்க, அது வேற பஞ்சாயத்து. ஏணி போட்டு மேல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாக்காம கடைசி பணம் குடுக்காதீங்க.

நாங்க கடைசி தவணைய இன்னும் குடுக்கல, அதுக்கு மட்டும் வாரா வாரம் கரெக்டா போன் வருது. போஸ்ட்ட அப்படியே விட்டுட்டு சுவர் பக்கம் சன்ஷேடுக்கு மேல ஏத்தி, முழு நீள ஷீட்டா மாத்தறதா இருக்கோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஃபிளாஷிங் தகடு அளவுக்கு வளைச்சுக் குடுக்கற கடை தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த ஐப்பசிக்குள்ள முடிச்சாவணும்.