ஏஏ கூட்டமா, மருத்துவமனைக் குழுவா, ஆன்லைனா: குடியை நிறுத்தியவர் எங்கே போவது?

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு அப்புறம்தான். அவர் முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு. நாள்பட்டுக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்து. எந்தக் கூட்டமும் அதைத் தடுக்காது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 (டெலி மானஸ், மனநல உதவி எண்) அல்லது 14446 (போதை மீட்பு உதவி எண்) அழைக்கலாம், இரண்டும் கட்டணமில்லாதவை.

உடம்பு தெளிந்த பிறகு வருவதுதான் கூட்டம். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. குடிநோயாளிகள் தாங்களே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது, 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது, அடையாள அட்டை கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. நடுவில் ஒரு பை சுற்றி வரும். புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. கூட்டங்கள் இரண்டு வகை. மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகள் மட்டும். திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ கூட வரலாம். இது தெரியாமல் குடும்பத்தோடு போய் வாசலிலேயே சங்கடப்பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதனால் கிளம்பும் முன் ஏஏ உதவி எண்ணில் நான்கு கேள்வி கேளுங்கள்: இன்று கூட்டம் உண்டா, தமிழிலா, திறந்ததா மூடியதா, கட்டடத்தில் எந்த வாசல்? பட்டியலில் உள்ள முகவரி பழையதாக இருக்கக்கூடும். பூட்டிய கேட்டின் முன் நிற்கும் முதல் நாளே பலருக்குக் கடைசி நாளாகிவிடுகிறது.

பேசச் சொன்னால், "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்" என்றால் போதும். ஒருவர் பேசும்போது இடையில் யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள், அது முறை. சர்ச் ஹாலில் நடந்தாலும் ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. ஆனால் கடவுள் என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அது ஒத்துவராதவர் வேறு குழுவையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழுவுக்குக் குழு தொனி மாறும். கால் மணி முன்னதாகப் போய், முடிந்ததும் கால் மணி இருங்கள். இரண்டு, மூன்று போன் நம்பர்கள் கிடைப்பது அப்போதுதான். அந்த நம்பரை அழைக்க வேண்டிய நேரம் முதல் பெக்குக்கு முன்னால்.

மருத்துவமனைக் குழுவில் ஆலோசகர் நடத்துவார். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற மையங்களிலும், சில அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சைக்குப் பிந்தைய தொடர் கவனிப்பு உண்டு. தூக்கம், ஈரல், மனச்சோர்வு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கலாம். இது பெரிய பலம். குறை நேரம்தான். பெரும்பாலும் பகலில் நடக்கும், தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். குடிக்கத் தோன்றுவதோ இரவு ஏழு மணிக்கு. மாத்திரை விஷயத்தில் மட்டும் கடைசிச் சொல் மருத்துவருடையது. கூட்டத்தில் யாராவது "எல்லா மாத்திரையையும் விடு" என்றால் கேட்காதீர்கள், ஏஏவின் நிலைப்பாடும் அதுவல்ல. அதேபோல், தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் "குடி மறக்கும் மருந்து" வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பில் கடும் எதிர்வினை உண்டாக்கும் மருந்து) இருந்து, சாப்பிட்டவர் அன்று குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஆன்லைன், கப்பலில் வேலை செய்பவருக்கும் வெளிநாட்டு கேம்ப்பில் இருப்பவருக்கும் வரம். ஆண்கள் நிறைந்த அறையில் உட்காரத் தயங்கும் பெண்களுக்கும் இதுவே எளிது. ஏஏ தவிர, 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற சுய உதவிக் குழுவும் இங்கே கிடைக்கும். அதில் கடவுள் பேச்சு இல்லை, ஸ்பான்சர் (ஏஏவில் புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர்) இல்லை, பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, குடிப்பதால் கிடைப்பது, இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, இழப்பது என்று எழுதச் சொல்வார்கள். முதல் கட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள். "தூக்கம் வருது" என்று எழுதினால்தான் தூக்கத்துக்கு வேறு வழி தேட முடியும். ஜூமில் சேரும் முன் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் போனில் உள்ள முழுப் பெயர் எல்லோருக்கும் தெரியும். பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: கேமராவை அணைத்துவிட்டால் கையில் கிளாஸ் இருப்பது யாருக்கும் தெரியாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு, 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏவும் நோயாளியை முறையாக அங்கே கொண்டு சேர்க்கும் சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தன. ஆகவே ஆலோசகரிடம் "ஏஏ போறேன்" என்று சொல்லி நிறுத்தாமல், "என்னைக் கூட்டிட்டுப் போக ஒரு உறுப்பினரை இப்பவே போன்ல பிடிச்சுத் தாங்க" என்று கேளுங்கள். எங்கள் தேர்வு: பகலில் மருத்துவர், மாலையில் பக்கத்து ஏஏ குழு, போக முடியாத நாளுக்கு ஆன்லைன். டாஸ்மாக் இரவு பத்து வரை திறந்திருக்கும். ஏழு மணிக் கூட்டம் ஆபத்தான நேரத்தை அப்படியே விழுங்கிவிடும். போகும் வழியில் கடை இருந்தால் வழியை மாற்றுங்கள். மூன்று வெவ்வேறு குழுக்களில் ஆறு கூட்டமாவது உட்கார்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று முடிவு செய்யலாம்.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டில் இருப்பவர் காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவியோ அம்மாவோ அங்கே போகலாம்.