மலை விடுதியில் மாணவர் முகாம் நடத்தவிருப்போர் கவனத்திற்கு: மூடிய அறைக்குள் கரிக் கணப்பு

பல்கலைக்கழகம் ஒன்று தனது மலை விடுதியை மாணவர் முகாம்களுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் வாடகைக்கு விடும்போது, தனியார் விடுதிகளைவிட அது பாதுகாப்பாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அந்த நம்பிக்கையோடு எங்கள் துறை மாணவர்களை அழைத்துச் சென்ற முகாமில், அவர்களில் ஒரு பகுதியினர் உயிர் பிழைத்ததே பெரிது என்னும் நிலை ஏற்பட்டது. எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

படுக்கைக் கூடங்களில் மின்சார ஹீட்டர்கள், எந்நேரமும் வெந்நீர், முதலுதவி அறை, இரவில் விடுதியிலேயே தங்கும் காப்பாளர் ஆகிய அனைத்தும் உண்டு என்று முன்பதிவை உறுதிசெய்த கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது. விடுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், ஹீட்டர்கள் இயங்குகின்றனவா என்று தொலைபேசியிலும் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே முழுக் கட்டணத்தையும் வைப்புத்தொகையையும் செலுத்தினோம்.

அங்கே சென்று பார்த்தபோது ஹீட்டர்கள் கழற்றப்பட்டுச் சுவரில் அவற்றின் ஆணித் துளைகள் மட்டுமே இருந்தன. முதலுதவி அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இருட்டியதும் விடுதிப் பணியாளர் ஒருவர் கரி நிரப்பிய கணப்புச் சட்டிகளைக் கூடங்களுக்குள் கொண்டுவந்து வைத்தார். சன்னல் இடுக்குகள் அனைத்தும் குளிருக்காக பிளாஸ்டிக் தாளால் அடைக்கப்பட்டிருந்ததைக் காட்டி நாங்கள் மறுத்தோம். சட்டிகளை வெளியே எடுக்கவும் செய்தோம். ஆனால் ஆசிரியர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த தனிக் கட்டடத்திற்கு நாங்கள் சென்ற பின், குளிர் தாங்காமல் போர்வை கேட்ட மாணவர்களிடம் போர்வை இல்லை என்று கூறி, ஒரு கூடத்தில் மட்டும் சட்டியை மீண்டும் வைத்துவிட்டு அவர் தம் வீட்டிற்குப் போய்விட்டார். கடிதம் கூறிய இரவுக் காப்பாளர் என்று ஒருவர் அங்கே இருக்கவே இல்லை.

விடியும் முன்னர் அந்தக் கூடத்திலிருந்து ஒரு மாணவர் தள்ளாடி வெளியே வந்து வாந்தியெடுத்தார். அவர் எழுந்திராமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே மனம் நடுங்குகிறது. உள்ளே மற்றவர்களைத் தட்டி எழுப்புவதே கடினமாக இருந்தது. கதவுகளைத் திறந்து அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கிடைத்த வண்டிகளில் அடிவாரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு நச்சு என்று உறுதியாயிற்று. ஆக்சிஜன் செலுத்தியதில் அனைவரும் நலமடைந்தனர்.

இதற்கு விடுதித் தரப்பு அன்று சொன்ன காரணமும் பின்னர் எழுத்தில் தந்த காரணமும் ஒன்றே: மலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இப்படித் தலைவலியும் குமட்டலும் வருவது இயல்பாம். இந்த விளக்கத்தை எவரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்குகிறது. கார்பன் மோனாக்சைடு நச்சிலும் அதே தலைவலி, அதே குமட்டல், அதே தலைசுற்றல் தோன்றுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் ஒரே கூடத்தில் உறங்கியவர்களுக்கு மட்டும் ஒரே நேரத்தில் வந்து, வெளிக்காற்றில் குறையத் தொடங்கினால், அந்தக் கூடத்தின் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கரி போதிய ஆக்சிஜன் இன்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் இந்த வாயு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. புகை அடங்கிச் செந்தணலாகக் கனியும் கரியும் இதை ஏராளமாக வெளியிடுகிறது என்பதால், புகை வரவில்லையே என்று பணியாளர் தந்த உறுதிமொழிக்கு எந்தப் பொருளும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்போடு இது சேர்ந்துகொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலேயே நினைவிழக்கக்கூடும். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைச் சிலர் முகாம்களுக்குக் கொண்டுவருகிறார்கள். சாதாரண ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் சேர்ந்த ஹீமோகுளோபினையும் இந்த வாயு சேர்ந்ததையும் பிரித்தறிய முடியாது. எங்கள் மாணவர்களுக்கும் அது 97, 98 விழுக்காடு என்று இயல்பான அளவையே காட்டியது. அந்த எண்ணை நம்பிக் காத்திருந்தால் பொன்னான நேரம் வீணாகும்.

மலை விடுதியில் முகாம் நடத்தவிருக்கும் ஆசிரியர்கள், அறைகளைச் சூடாக்கும் முறை எது என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். இயங்கும் ஹீட்டர்களின் அண்மைப் படங்களைப் பணம் செலுத்தும் முன்னரே அனுப்பச் சொல்லுங்கள். இரவில் பொறுப்பில் இருப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடிதத்தில் இடம்பெற வேண்டும். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை ஒவ்வொரு படுக்கைக் கூடத்திலும் வையுங்கள்; விடுதியில் இல்லாவிட்டால் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். மாணவர்களோடு அதே கட்டடத்தில் ஆசிரியர் ஒருவரேனும் தங்க இடம் தராத விடுதியை ஏற்காதீர்கள்.

முகாமைப் பாதியில் முடித்துக்கொண்டது எங்கள் விருப்பமாம், ஆகவே வைப்புத்தொகையும் திருப்பித் தரப்படாதாம். பல்கலைக்கழக அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் அவ்வாறே உள்ளது. மருத்துவச் சான்றுகளையும் முன்பதிவுக் கடிதத்தையும் இணைத்துப் பதிவாளருக்கு மறுமுறை எழுதியிருக்கிறோம். எங்களுக்குப் பணத்தைக் காட்டிலும் அவசரமானது, ஹீட்டர்கள் மாட்டப்படும் வரை அந்தக் கூடங்களை எவருக்கும் தரக் கூடாது என்ற கோரிக்கையே. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. அடுத்த பருவத்துக்கான முன்பதிவை மட்டும் தொடங்கிவிட்டார்கள்.