முதல் நாளே வீட்டுத் திரையில்: புதுப்பட ஓடிடி வெளியீடு தரும் சேவை எப்படி?

திரையரங்குகளைத் தவிர்த்துவிட்டுப் புதுப்படங்களை நேராக ஓடிடியில் வெளியிடும் முறையால் சினிமா வாழுமா வீழுமா என்ற வாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

முதலில் கட்டணம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் 'ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்' படத்தை 48 மணி நேர வாடகைக்கு 19.99 டாலர் என்று விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டிஸ்னி, தன் ஓடிடி தளமான டிஸ்னி பிளஸுக்கு மாதச் சந்தா கட்டுபவர்களிடமே 'முலான்' படத்துக்கு மேலும் 29.99 டாலர் கேட்டது. கட்டணம் தலைக்கு இல்லாமல் வீட்டுக்கு என்பதால், நான்கைந்து பேராக உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு இது லாபம். தனியாகப் பார்ப்பவருக்கோ திரையரங்கச் சீட்டே மலிவு. அதைவிட உறுத்துவது, மூன்றே மாதங்களில் 'முலான்' எல்லாச் சந்தாதாரர்களுக்கும் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது என்பதுதான். ஆக, அந்த 29.99 டாலர் பொறுமையின்மைக்கு விதிக்கப்பட்ட வரி. 2021-இல் வார்னர் பிரதர்ஸ் தன் படங்களைத் திரையரங்கில் வெளியாகும் அன்றே, கூடுதல் கட்டணமில்லாமல், தன் குழுமத்தின் ஓடிடி தளமான எச்பிஓ மேக்ஸிலும் 31 நாட்களுக்குக் கொடுத்தது. பார்வையாளருக்கு இதைவிடத் தாராளமான ஏற்பாடு அமைந்ததில்லை என்பேன். அது ஓராண்டோடு நின்றுபோனதில் வியப்புமில்லை.

படத்தின் தரத்தில்தான் எனக்கு மனக்குறை. திரையரங்குக்குச் செல்லும் டிஜிட்டல் பிரதி நொடிக்கு 250 மெகாபிட் வரை தரவைச் சுமக்கலாம்; ஓடிடியின் 4கே ஒளிபரப்போ பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சுருக்கும் நுட்பங்கள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், இரவுக் காட்சிகளில் இருட்டு பட்டை பட்டையாகப் பிரிவதையும் புகையும் மழையும் கலங்கித் தெரிவதையும் நல்ல தொலைக்காட்சியிலேயே காணலாம். ஒலியில் வசனம் அமுங்கிப்போகிறது, வெடிச்சத்தம் வீட்டை அதிரவைக்கிறது. ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்க முடிவதில்லை. வசன வரிகளும் நிறுத்திப் பார்க்கும் வசதியும் இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

சந்தா கட்டுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, படம் தளத்தில் எத்தனை நாள் இருக்கும் என்பது. டிஸ்னி பிளஸ் 2023 மே மாதம் நேரடியாக வெளியிட்ட 'கிரேட்டர்' படத்தை ஏழு வாரங்களிலேயே நீக்கிவிட்டது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பட்டியலில் சேர்த்து வைப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

என் பரிந்துரை இதுதான்: வசனத்தையும் நடிப்பையும் நம்பி நிற்கும் படங்களுக்கும், குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கும் படங்களுக்கும் முதல் நாள் வாடகையைத் தயங்காமல் கொடுக்கலாம். காட்சிப் பிரம்மாண்டமே உயிரான படத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் திரையரங்கில் நல்ல இருக்கையே கிடைக்கும்.