அரிசி அக்கரைக்கா, ஆள் இக்கரைக்கா?

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ராமேசுவரத்துக்காரர் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் தூரம் இதைவிட அதிகம். இவ்வளவு பக்கத்தில் 26 ஆண்டுகள் ஒரு போர் நடந்தது. அதனால் நிவாரணம் என்பது எங்களுக்குப் பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் டீக்கடை பெஞ்சுகளில் அது தீராத வழக்கு.

"பொருளை அனுப்பு" என்பது ஒரு கட்சி. "அந்த நாட்டுக்குள்ளேயே பத்திரமான ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே வைத்து உதவு" என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி வாதம் எதுவும் செய்யவில்லை. இரவில் வந்து இறங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது. நான் மூன்றாவது கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக அதன் ஓட்டைகளை மறைக்கப் போவதில்லை.

பொருள் அனுப்பும் வழியை எடைபோட 1987 ஜூன் மாதம் ஒன்றே போதும். யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இலங்கை ராணுவத்தின் பெரிய தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரம். ஜூன் 3 அன்று 19 மீன்பிடிப் படகுகளில் நிவாரணப் பொருள்களை ஏற்றி, கடலோரக் காவல்படைக் கப்பல் துணையோடு இந்திய அரசு அனுப்பியது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. போன சரக்கு அப்படியே கரைக்குத் திரும்பியது. மறுநாள் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் போட்டுவிட்டு வந்தன. 'ஆபரேஷன் பூமாலை' என்று அதற்குப் பெயர்.

பூமாலையைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்கலாம். 1981 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 25 டன்னைப் பங்கிட்டால் தலைக்கு 35 கிராம்கூட வராது. ஒரு பிடி அரிசி! அரசியல் காரியமாக அது பலித்தது. அடுத்த மாதக் கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தமே கையெழுத்தானது. சோறாக அது எத்தனை அடுப்பை எட்டியிருக்கும்? கொழும்பு இசைந்த பிறகு, அதே ஜூன் கடைசியில் காங்கேசன்துறைக்குக் கப்பலில் பொருள் சந்தடியில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதை இன்று பேச ஆளில்லை. விமானத்தைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

2009-லும் இதே கதைதான். ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் திரட்டி அனுப்பிய 884 டன் பொருளோடு வந்த 'வணங்காமண்' கப்பலை இலங்கை திருப்பி அனுப்பியது. சரக்கு சென்னையில் இறங்கி, மறுபடி கொழும்புக்குப் போய், அங்கே துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. கப்பல் நம்முடையதாக இருக்கலாம், துறைமுகம் அவர்களுடையது. இந்த வழியின் மொத்தப் பலவீனமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. விதிவிலக்கு என்றால், அதே ஆண்டு சண்டை நடந்த புதுமாத்தளனிலிருந்து காயம்பட்டவர்களைத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்ற செஞ்சிலுவைச் சங்கக் கப்பலைச் சொல்வேன். மறிக்கக்கூடியவர்களிடம் முதலில் பேசி, அதன் பிறகு கடலில் இறங்கிய கப்பல் அது.

இரண்டாவது வழியை இந்தியாவில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எங்களுக்கு நேர் எதிரே, மன்னார்த் தீவில் இருக்கிறது பேசாலை. தீவைத் தாண்டி உள்நாட்டில், காட்டுக்குள் மடு மாதா கோவில். 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது ஐ.நா. அகதிகள் ஆணையம் இவ்விரு இடங்களிலும் திறந்த நிவாரண மையங்களை அமைத்தது. கூலி கொடுத்துக் களவாகக் கடல் தாண்ட வேண்டாம். சொந்த மாவட்டத்திலேயே தங்கலாம். சண்டை ஓய்ந்தால் போய் வயலைப் பார்த்துவிட்டு வரலாம். யோசனையில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. சொந்த மண்ணில் ஒரு கொட்டகை, அந்நிய மண்ணில் ஒரு வீட்டைவிட மேல் என்று பேசாலைக்காரர் ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அவரே பிறகு மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார் என்பது வேறு விஷயம்.

இந்த வழி சண்டைக்காரர்களின் சொல்லை நம்பி நிற்பது. 1999 நவம்பரில் மடு வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் பலர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் மாதா சிலையையே பாதிரியார்கள் எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. மாதாவுக்கே அந்தக் கதி. அடுத்த ஆண்டு வன்னியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் என்ன ஆயின என்பதை 2011-ல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்லிவிட்டது. அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். 1990-ல் எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் லீவு என்றார்கள். சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் வகுப்பறையில் நாலு குடும்பங்கள் படுத்திருந்தன. படகோட்டிகள் பலரைக் கடலுக்கு நடுவே மணல்திட்டில், தீடை என்போம், இறக்கி, "இதுதான் இந்தியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தண்ணீர் ஏறினால் தீடை மூழ்கும். விடியற்காலையில் வலை இழுக்கப் போன எங்கள் ஊர் நாட்டுப்படகுகள்தான் அவர்களை அள்ளிக்கொண்டு வரும். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காத நிவாரணம் அது ஒன்றே. 1983 முதல் மொத்தம் 3 லட்சம் பேருக்கு மேல் இப்படிக் கரையேறியிருக்கிறார்கள். பூமாலையின் 35 கிராமை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் இன்னொரு போட்டி. எங்கள் தெருவில் திரட்டிய பழந்துணி மூட்டையில் ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது; மண்டபம் வெயிலுக்கு! அரசு நெடுங்காலம் கிலோ 57 காசுக்கு அரிசி கொடுத்தது, கூடவே பணக்கொடை. எது மேல் என்று முகாமில் ஓர் அம்மாவிடம் கேட்டேன். "காசு காணாது தம்பி. ஆனாலும் காசாகத் தந்தால்தான் தேங்காயும் மீனும் வாங்கலாம்" என்றார். எனக்கும் அதே கருத்துதான். 2021-ல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இப்போதும் காணாதுதான், பெயின்ட் அடிக்கும் வேலை இல்லாவிட்டால் பல அடுப்புகள் எரியாது. அந்த வேலைக்கு வெளியூர் போனவர்கள் முகாமில் 'செக்கிங்', அதாவது ஆள் கணக்கெடுப்பு, என்றால் பஸ் பிடித்து ஓடி வர வேண்டும். முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்பவர்களுக்கு அந்த ஓட்டம் இல்லை, பணக்கொடையும் இல்லை.

இந்த வழியின் பெரிய ஓட்டை, இதற்கு முடிவு என்று ஒன்று இல்லாதது. மண்டபம் முகாம், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பப் பிரிட்டிஷ் காலத்தில் கட்டியது. சில நாள் தங்கிப் போகும் இடம். அங்கே பிறந்த பிள்ளை பள்ளி முடித்து, கல்யாணம் முடித்து, தன் பிள்ளையின் பெயரையும் அதே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2021-ல் அகதிகள் முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், புது வீடுகளும் அறிவித்தார்கள். வீட்டை வரவேற்கிறேன். பெயருக்காகப் பட்டாசு வெடிக்க மாட்டேன்.

திரும்பிப் போக விரும்புகிறவர்களின் பாடும் சுலபமில்லை. ஐ.நா. ஆணையம் விமான டிக்கெட் தந்து வந்தது. ஆனால் 30 கிலோமீட்டர் எதிரே வீடு உள்ளவர் விமான நிலையம் போய், கொழும்பில் இறங்கி, பஸ்ஸில் மறுபடி வடக்கே ஏற வேண்டியிருந்தது. விமானத்தில் ஏற்றும் மூட்டைக்குக் கிலோக் கணக்கு உண்டு. முப்பது ஆண்டுக் குடித்தனம் அதற்குள் அடங்காது. 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் ஓடிய சில மாதங்களில் கொஞ்சம் பேர் கடல் வழியே போனார்கள். கப்பல் நின்றதும் அதுவும் நின்றது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023-ல் கப்பல் வந்துவிட்டது. ராமேசுவரம்–தலைமன்னார் இன்னும் பேச்சில்தான் ஓடுகிறது.

பேசாலைக்காரர் விமானத்தில்தான் போனார். தையல் மெஷினை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, கிரைண்டரை எங்களுக்கு விற்றுவிட்டுப் போனார். நல்ல கல், இன்னும் மாவு அரைக்கிறது.