பட்டாளத்துத் தாத்தாவை எங்கே தேடுவது?

வேலூர், திருவண்ணாமலை பக்கத்து ஊர்களில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எங்க தாத்தா பட்டாளத்துக்குப் போனவரு" என்று சொல்லும் ஒருவராவது அகப்படுவார். எந்தப் படை, எங்கே போனார், என்ன ஆனார் என்று கேட்டால் "பஸ்ரா" என்பார்கள், "பர்மா" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குப் போய்த் திரும்பி வந்து, ஏர் பிடித்து, பேரன் பேத்தி பார்த்துச் செத்தவர். சின்னத் தாத்தா இரண்டாம் போரில் பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை. இருவரையும் ஒரே சமயத்தில் தேட ஆரம்பித்தேன். திரும்பாதவரை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேல் ஊரிலேயே வாழ்ந்த கொள்ளுத்தாத்தாவைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த வழி யாருக்கு உதவும், எது உதவாது என்று இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால் வீட்டு ட்ரங்குப் பெட்டியைப் பாருங்கள். படை எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படை என்று பொறித்திருப்பார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் நிலப் பத்திரங்களுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் கிடந்தது. அம்மா பளபளப்பாக்கித் தருகிறேன் என்று புளி எடுத்து வரப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அந்த எழுத்து மயிரிழை ஆழம்தான், இரண்டு முறை புளி போட்டுத் தேய்த்தால் பெயர் போய்விடும். விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் சுற்றிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தீட்டினேன். ஐந்து இலக்க எண்கூட இல்லை, நான்குதான். அடுத்து அவர் பெயர், அப்புறம் 64 பயனியர்ஸ், அதாவது சண்டையோடு சாலை போடும் வேலையும் பார்த்த காலாட்படை.

பதக்கம் என்ன உலோகம் என்பதும் ஒரு தகவல்தான். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படைகளில் போனவர்களுக்கு அதே அச்சு வெண்கலத்தில் வந்தது. வெண்கலம் கிடைத்தால் ‘போலி’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூட்டை சுமக்கவும் சாலை போடவும் கடல் கடந்து போன ஒருவரின் ஒரே அடையாளமாக அது இருக்கலாம். இன்னொன்று: விளிம்பில் ‘2 க்யூ.வி.ஓ. எஸ் அண்டு எம்’ என்று இருந்தால் அவர் மதராஸ் சாப்பர்ஸ், அதாவது மதராஸின் பொறியாளர் படை. அந்தக் காலப் பெயரில் ‘மதராஸ்’ என்ற சொல்லே கிடையாது. அதைப் பார்த்து வடக்கத்தியப் படை என்று நினைத்துத் தவறான இடத்துக்கு எழுதிப் போடுகிறவர்கள் உண்டு.

சரி, எண் கிடைத்தாயிற்று. அடுத்து எங்கே போவது? போனவர் இறந்தாரா, திரும்பினாரா என்பதுதான் இதற்கு விடை.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலுக்கு ஈடு வேறில்லை. இலவசம், வீட்டிலிருந்தே தேடலாம். இரண்டு போர்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 17 லட்சம் பெயர்கள் இருக்கின்றன. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் அதில் அடங்குவார்கள். சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்துப் படை மருத்துவமனையில் இறந்தவரும் இருக்கலாம் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டாம்.

சிக்கல் பெயரில்தான். முனுசாமி என்ற ஒரே பெயரை அந்தக் கால எழுத்தர்கள் மூனசாமி, முனிசுவாமி, மூன்சாமி என்று காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். பெயரை விட்டுவிட்டு ஊரை வைத்துத் தேடினால் பலன் அதிகம். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் இன்றைய மாவட்டப் பெயரைப் போடாதீர்கள். வட ஆற்காடு, ட்ரிச்சினாப்பள்ளி, டின்னவேலி, சிங்கிள்புட் என்று வெள்ளைக்காரர் எழுதிய பெயர்களைப் போடுங்கள். சின்னத் தாத்தா எனக்கு அப்படித்தான் கிடைத்தார். யாங்கோனுக்கு வெளியே தாவுக்கியன் போர்க் கல்லறையில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. புதைத்த இடமோ எரித்த இடமோ தெரியாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. அதில் ஒன்று அவருடையது. பதிவில் அப்பா பெயர், ஊர் பெயர், அப்புறம் ‘இன்னாரின் கணவர்’ என்று சின்னப் பாட்டியின் பெயரும் இருந்தது, இரண்டு எழுத்து மாறிப்போய். தன் பெயர் இப்படி ஓர் ஏட்டில் இருப்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

ஆனால் முதல் போருக்கு இந்தப் பட்டியலை முழுதாக நம்ப முடியாது. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களை இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதி முடித்துக்கொண்டார்கள். 2021ல் ஆணையமே அமைத்த குழு ஓர் அறிக்கை தந்தது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து பகுதிகளைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவுக்குள்ளேயே இறந்தவர் என்றால் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலுள்ள 1914-18 நினைவுச் சின்னத்தையும் பார்த்துவிடுங்கள். எங்குமே பெயர் இல்லை, கையில் சான்று இருக்கிறது என்றால் சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கவும் வேண்டும்.

திரும்பி வந்தவர்களுக்கு இந்தப் பட்டியலால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. அவர்களுக்குப் படையின் ஆவண அலுவலகம்தான் வழி, அங்கேயும் ஆளுக்கு ஆள் அதிர்ஷ்டம் மாறும். மதராஸ் சாப்பர்ஸ் 1780லிருந்து அறுபடாமல் வருகிற படை. பெங்களூரில் இன்றும் இருக்கிறது. தாத்தா ‘தம்பி’யாக (சாப்பர்ஸ் வீரர்களின் செல்லப் பெயர்) இருந்தவர் என்றால் எழுதிக் கேட்க ஓர் இடம் உண்டு. காலாட்படைக் கதை வேறு. முதல் போரில் போன பழைய மதராஸ் காலாட்படைகள் 1920களில் கலைக்கப்பட்டன. இன்று வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட், இரண்டாம் போருக்காக மறுபடி எழுப்பியது. கொள்ளுத்தாத்தாவின் பயனியர்ஸையும் 1933ல் கலைத்துவிட்டார்கள். நடுவில் தொடர்ச்சி அறுந்தவர்களுக்கு இந்த வழியில் நான் அதிக நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இரண்டாம் போருக்குப் போனவர்களிலும் ஓர் இடர் இருக்கிறது. சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்த படை அது. போர் முடிந்ததும் பெரும்பாலோரை ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களின் சேவை ஏடுகளை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது வழக்கம். மிஞ்சுவது ‘லாங் ரோல்’ என்ற பெரிய பதிவேட்டின் ஒரு வரி. எண், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, காரணம், அவ்வளவுதான். விண்ணப்பிக்கும்போது "சேவை ஆவணம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் "இல்லை" என்று பதில் வந்துவிடலாம். "லாங் ரோல் பதிவின் விவரம் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கூடவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாநில அரசு உதவித்தொகை கொடுத்து வந்ததால், பாட்டி பெயரில் அங்கே ஒரு கோப்பு இருக்க வாய்ப்புண்டு.

லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி அதுதான். அதில் உங்கள் ஆளின் பெயர் கிடைக்காது, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அதிகாரிக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்களுக்கு ‘ஐ.ஓ.ஆர். 3’ (இந்தியச் சிப்பாய்கள் மூன்று பேர்) என்று எண்ணிக்கை இருக்கும். ஆனால் எந்த நாள் எந்த ஊரில் முகாம், என்ன வேலை, எங்கே ஆபத்து என்பதெல்லாம் நாள்வாரியாக இருக்கும். ஆவண அலுவலகம் தருவது இரண்டு தேதி, நாட்குறிப்பு அந்த இரண்டு தேதிக்கு நடுவில் இருந்த வாழ்க்கையைத் தரும். மெசபொடேமியா (இன்றைய ஈராக்) நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் வருகின்றன, கணினியிலேயே பார்க்கலாம். இரண்டாம் போரின் பர்மா பக்கத்துக்கு டபிள்யூ.ஓ. 172, எகிப்து, லிபியா பக்கத்துக்கு 169. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிரதி கேட்டு எழுத வேண்டும்.

பஞ்சாபியர்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. முதல் போருக்குப் போன 3,20,000 பேரைக் கிராமவாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021லிருந்து இணையத்துக்கு வர ஆரம்பித்தன. திரும்பி வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். நமக்கு வேலூர் மணிக்கூண்டில் இருப்பதுபோல, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்ற கல்வெட்டு இருக்கிறது. பெயர் இல்லை.

"நேதாஜி படையில் இருந்தார்" என்பவர்களுக்கு வழியே தனி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: அவர் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிடிபட்ட பட்டாளத்துக்காரரா, மலாயா தோட்டத்திலிருந்து சேர்ந்தவரா? முன்னவருக்குப் பழைய இந்தியப் படையிலும் பதிவு இருக்கும். பின்னவருக்கும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களுக்கும் அது கிடையாது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997ல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து 990 ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கோப்புகள் வந்தன. அபிலேக் படல் என்ற அந்தக் காப்பகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் குடும்பத்துக்கு அதைவிடப் பயன்படுவது தியாகி ஓய்வூதிய விண்ணப்பம் என்பது என் கருத்து. எங்கே சேர்ந்தேன், எந்தச் சிறையில் இருந்தேன் என்று அவரே சொல்லி எழுதியது அது. நகல் பெரும்பாலும் வீட்டிலேயே, பழைய ரேஷன் கார்டோடு இருக்கும்.

பணம் கட்டும் வம்சாவளித் தளங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நல்லவை, ஞானஸ்நானப் பதிவுகள் நிறைய உண்டு. நம்மூர்ச் சிப்பாயைத் தேட அங்கே காசு போடாதீர்கள்.

கொள்ளுத்தாத்தாவின் எண்ணும் படைப் பெயரும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ராத்திரிகளில் 64வது பயனியர்ஸ் இருந்த இடங்களை டபிள்யூ.ஓ. 95ல் பக்கம் பக்கமாகத் தேடுகிறேன். ஊர்ப் பெயர் ஒன்று வந்தால் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவேன். குட் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பேரு தாத்தா சொல்லுவாரு. ‘குட்டு, குட்டு’ம்பாரு. நாங்க தலையில குட்டுறதச் சொல்றாருன்னு சிரிப்போம்."