கோனோ வீடர்: கயிறு பிடித்து நட்ட வயலுக்கு மட்டும்

நாலைந்து மா (ஒரு மா 33 சென்ட்) நெல், இரண்டு கறவை மாடு, வரப்போரம் தென்னை, கொல்லையில் கோழி என்று வீட்டாட்களே பார்த்துக்கொள்ளும் பண்ணைக்கு, நெல் வரிசைக்கு நடுவே கையால் தள்ளிக் களையெடுக்கும் கோனோ வீடர் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் நடவு முடிந்து களை மண்டிய பிறகு இதைத் தேடிப் போவதில் பலனில்லை. இந்தக் கருவி உங்கள் வயலில் ஓடுமா ஓடாதா என்பது நடவு அன்றைக்கே தீர்மானமாகிவிடும்.

கருவியில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. நீளக் கைப்பிடி, முன்னால் படகு மூக்கு மாதிரி ஒரு மிதவை, அதன் பின்னால் அடுத்தடுத்து இரண்டு கூம்பு உருளைகள். ஒன்றின் அகன்ற பக்கம் இடது என்றால் மற்றதன் அகன்ற பக்கம் வலது. உருளை மேல் வழவழப்பான பட்டையும் பல் வெட்டிய பட்டையும் பற்றவைத்திருக்கும். தள்ளும்போது இரண்டும் சேற்றை எதிரெதிராகப் பிசைவதால் மேல்மண் 3 செ.மீ. ஆழம் வரை கலங்கி, களை வேரோடு பெயர்ந்து சேற்றில் அமுங்குகிறது. மொத்தமும் புதைந்துபோகாமல் தாங்குவது மிதவை.

‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்துப் பரப்பிய செம்மை நெல் சாகுபடிக்கு ஏற்ற கருவி இது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 செ.மீ. இடைவெளி. இந்த இடைவெளி இரண்டு திசையிலும் நேராக நிற்க வேண்டும். அதற்கு நைலான் கயிறுதான் நல்லது. தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் அளவு மாறும். 25 செ.மீ.க்கு ஒரு துணி முடிச்சு. இரண்டு வரப்பிலும் ஆளுக்கொரு அளவுக்குச்சியோடு இரண்டு பேர். இதற்குப் பெரிய ஆள் வேண்டாம், பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளே போதும், கவனம் இருந்தால். ஒரு பக்கம் 25, மறுபக்கம் 28 என்று நகர்த்தினால் பத்தே வரிசையில் ஒரு முனை 30 செ.மீ. விலகிவிடும். பலரும் கோட்டைவிடுவது இன்னொன்றை: ஒரு வரப்போரமாக நிலைக்கயிறு ஒன்று கட்டி, நடவுக் கயிற்றின் முதல் முடிச்சை ஒவ்வொரு தடவையும் அதன் மேல் பொருத்த வேண்டும். அதை விட்டால் நீளவாக்கில் வரிசை இருக்கும், குறுக்கே இருக்காது. பாதி வேலையைப் பிறகு கையால்தான் எடுக்க வேண்டும். உருட்டிக் கோடு போடும் மார்க்கர் குறுவைக்குப் பரவாயில்லை. சம்பா நடவில் ஒரு மழை அடித்தால் கோடெல்லாம் கரைந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். ஓட்டும்போது வயலில் 2 முதல் 3 செ.மீ. நிற்க வேண்டும். தண்ணீர் வற்றிய திருவாரூர்க் களிமண்ணில் உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே சேறு உருண்டை கட்டி, உருளை சுற்றாமல் சறுக்கும். களையை மழுக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போகும். அதிகம் நின்றால் பிடுங்கிய களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும் இடங்களில் வீடர் ஓட்டும் நாளை முறை நாளோடு பொருத்திக்கொள்வது உத்தமம். போர்வெல் இருந்தால் மும்முனை மின்சார நேரம் பார்த்துப் பாய்ச்சி, வடிமடையை அடைத்துவிட்டு இறங்கலாம். மடையைப் பார்ப்பவரும் வீடர் தள்ளுபவரும் முந்தின நாள் ராத்திரியே பேசிக்கொள்ளாவிட்டால் காலை வேலை பாழ்.

முதல் ஓட்டம் நட்ட 10–12ஆம் நாள். பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவை, நாற்பதாம் நாள் வரை. முதல் ஓட்டத்தைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் ஒப்புக்குத்தான்.

உழைப்பைக் குறைத்து எடை போடாதீர்கள். ஒரு மாவுக்கு, 25 செ.மீ. வரிசையில், ஒரு திசைக்கு மட்டும் 5.3 கி.மீ. நடை, குறுக்கேயும் ஓட்டினால் பத்தரைக்கு மேல். அதுவும் தள்ளி, கொஞ்சம் இழுத்து, மறுபடி தள்ளி, சேற்றில். ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியாது. காலைப் பால் சொசைட்டிக்குப் போன கையோடு இரண்டு பேராக இறங்குவதே சரியான ஏற்பாடு: ஒருவர் தள்ள, மற்றவர் பின்னாலேயே வந்து குத்தை ஒட்டிய களையைப் பிடுங்கி, சேறு மூடிய நாற்றை நிமிர்த்த வேண்டும். நாலு வரிசைக்கு ஒரு தடவை கை மாற்றிக்கொள்ளலாம். பிடுங்கிய குதிரைவாலிப் புல்லை அலசி மாட்டுக்குப் போடலாம். களைக்கொல்லி அடித்த வயலில் இந்த வசதி கிடையாது, வாத்து விடவும் யோசிக்க வேண்டும்.

கை மாற்றும்போது கைப்பிடி உயரத்தையும் மாற்ற வேண்டும். ஸ்பேனரை வரப்பிலேயே வைத்திருங்கள். குள்ளமானவருக்கு வைத்த உயரத்தில் நெட்டையானவர் பிடித்தால் கைப்பிடி மேலே தூக்கி, மிதவை மூக்கு சேற்றைக் குத்தும். மாறிப்போனால் மூக்கு எழும்பி, பின் உருளை புதையும்.

இந்தக் கருவியால் ஆகாத காரியமும் உண்டு. ஆரைக்கீரை படர்ந்த வயலில் இதை ஓட்டினால் கொடி துண்டுதுண்டாகி ஒவ்வொரு துண்டும் தழைக்கும். முதலில் அதைக் கையால் வாரிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கிழங்கு வைத்த கோரையும் அப்படித்தான். ஆனால் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா விட்ட வயலில், வீடர் மிதித்துச் சேற்றில் அமுக்கும் அசோலாவே உரமாகிறது, அது உபரி லாபம்.

வாங்கும்போது கருவியைத் தலைகீழாகப் பிடித்து உருளையை விரலால் தட்டுங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. பட்டைகளின் பற்றவைப்பை முனை வரை பாருங்கள். முதலில் தேய்வது உருளையின் அச்சைத் தாங்கும் புஷ்தான். ஆகவே கழற்றி மாற்ற முடிகிற மாதிரி போல்ட் போட்டதே வேண்டும். வேலை முடிந்ததும் வாய்க்காலில் அலசி, அச்சில் சுற்றிய வேரையும் வைக்கோலையும் அறுத்தெடுத்து, கழிவு ஆயில் தடவி நிழலில் வையுங்கள்.

30 செ.மீ. வரிசையில் நடும் இயந்திர நடவு வயலில் 15 செ.மீ. அகல வீடர் நடுவில் மட்டும்தான் உழக்கும், குறுக்கே ஓட்ட இடமே இராது. டிரம் சீடரில், அதாவது இழுத்துக்கொண்டே வரிசையாக விதை போடும் உருளைக் கருவியில், விதைத்த 20 செ.மீ. வரிசையில் ஒரு திசைக்கு ஓடும். இருபக்கமும் மிஞ்சுவது இரண்டரை இரண்டரை செ.மீ.தான் என்பதால் கை நடுங்காதவர் தள்ள வேண்டும். கை விதைப்பு வயல்காரர்கள் இந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.